அத்தையின் இசைத்தட்டும் கேரோல் கிங்கின் இடக்கையும்

அமெரிக்கப் பாடகி கேரோல் கிங்குக்குக் குரல் வளம் போதாது என்று என் அக்கா மகன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவன் அவன். பாடத் தொடங்கி இரண்டு வரிக்குள் ஒரு சங்கதியாவது விழ வேண்டும், பல்லவி திரும்பும்போது ஒரு பிர்கா வர வேண்டும், முடிவில் மேல் ஸ்தாயியில் நின்று கைதட்டல் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் கணக்கில் அது பாட்டே அல்ல. கேரோல் கிங்கின் 'டேப்பஸ்ட்ரி' ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதையும் அவனை உட்கார வைத்துக் கேட்கச் செய்தேன். "மெட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, சின்னம்மா. பாடத் தெரிந்த யாராவது பாடியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்" என்றான்.

பாடத் தெரிந்தவர்கள் பாடியாயிற்று, தம்பி. கதையே அங்கேதான் இருக்கிறது.

1971 பிப்ரவரியில் 'டேப்பஸ்ட்ரி' வெளிவந்தபோது கேரோல் கிங்குக்கு வயது 29. அதற்கு முன் பத்து ஆண்டுகளாக அவர் பிறருக்குப் பாட்டமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்த யூதக் குடும்பத்துப் பெண். 17 வயதில் கல்யாணம், 18 வயதில் கைக்குழந்தை. கணவர் ஜெரி காஃபின் வரிகளை எழுதுவார்; இவர் பியானோவில் மெட்டமைப்பார். பிராட்வேயில் ஒரு பாட்டுப் பதிப்பாளரின் அலுவலகம். பியானோ ஒன்றை வைத்தால் மிச்சம் இடம் இல்லாத சிறிய அறைகள். பக்கத்து அறையில் இன்னொரு ஜோடி எழுதுவது சுவர் வழியாகக் கேட்கும். அங்கே காலையில் போய் மாலையில் திரும்புகிற வேலையாகப் பாட்டெழுதிய கூட்டத்தில் இவர்களும் இருந்தார்கள். 1960-இல் எழுதிய 'வில் யூ லவ் மீ டுமாரோ' பாட்டை ஷிரெல்ஸ் என்ற கறுப்பினப் பெண்களின் குழு பாடியது. 1961 ஜனவரியில் அது அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. கறுப்பினப் பெண்களின் குழு ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் தடவை. பிறகு 1967-இல் பாடகி அரீதா ஃபிராங்க்ளினுக்கு 'நேச்சுரல் வுமன்'. அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் ஜெரி வெக்ஸ்லர் தெருவோரம் காரை நிறுத்தி, இந்தத் தலைப்பில் அரீதாவுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றாராம். இருவரும் வீட்டுக்குப் போய் அன்றிரவே எழுதிவிட்டார்கள்.

அரீதா பாடிய ஒரு பாட்டை இன்னொருவர் தொடுவதற்குத் துணிச்சல் வேண்டும். அதை எழுதியவராகவே இருந்தாலும் வேண்டும். கேரோல் கிங் அதைத் தன் ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக வைத்தார். பின்னணிக் குரல்கள் கிடையாது, டிரம்ஸ் கிடையாது, வயலின் கூட்டம் கிடையாது. பியானோ, பாஸ், அவர் குரல், அவ்வளவுதான். அரீதா பாடும்போது ஒரு பெண் ஊரைக் கூட்டி அறிவிக்கிறாள். இவர் பாடும்போது அதே பெண் யாரும் இல்லாத வீட்டில், தான் சொல்வது உண்மைதானா என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறாள். மேல் ஸ்வரங்களில் குரல் கொஞ்சம் கிழிகிறது. அந்தக் கிழிசலை மறைக்க அவர் ஒரு சங்கதியும் போடவில்லை. எனக்கு அது போதவில்லை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. நகைகளையெல்லாம் கழற்றி வைத்த பிறகும் அந்தப் பாட்டு நிமிர்ந்து நிற்கிறது. எத்தனை பாட்டுகளுக்கு அந்தத் தைரியம் உண்டு?

நான் சுங்கை சிப்புட்டில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் நடுவில் இருக்கும் தோட்டப்புறச் சிற்றூர். வெளியூர்க்காரர்களுக்கு எங்களைப் பற்றி இரண்டு செய்திகள் தெரிந்திருக்கும். 1948 ஜூன் 16 அன்று இங்கே தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பிய துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். பியானோவுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் சொல்லமாட்டார்கள். முன்பு துரை பங்களாவில் ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள்; அதைக் கேட்டவர்களைவிடத் துடைத்தவர்கள்தான் எங்களில் அதிகம்.

என் வகுப்பு ஒரு சைக்கிள் கடையின் மாடியில் நடக்கிறது. பியானோ, ஜப்பானிலிருந்து வந்த பழையது. இந்த ஊர் ஈரத்தில் கட்டைகள் உப்பிக்கொள்ளும், ஒரு கட்டையை அழுத்தினால் அது எழுந்து வருவதற்குள் பாட்டே முடிந்துவிடும். அதனால் உள்ளே ஒரு சிறிய சூடேற்றும் குழாயை வைத்து இரவும் பகலும் எரியவிட்டிருக்கிறேன். மின்சாரக் கட்டணத்தைப் பற்றி என் கணவர் பேசுவதை விட்டுவிட்டார். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேரின் தாத்தா பாட்டிகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் போய்த் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் வந்தன, இப்போது குலை அறுப்பவர்கள் வங்காளதேசத்துக்காரர்கள். பேரப்பிள்ளைகள் பியானோ கற்கிறார்கள். பெற்றோர் கேட்பது ஒன்றே ஒன்று: "டீச்சர், எப்போது கிரேடு எட்டு முடிப்பான்?" லண்டனிலிருந்து வரும் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதற்குச் சுவரில் ஆணியே அடித்து வைத்திருப்பார்கள். நான் குறை சொல்லவில்லை. தாளில் எழுதிக் கொடுத்ததைத்தான் நம்பலாம் என்று இவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே தோட்டம்தான்.

ஆனால் அந்தத் தேர்வுப் பாடங்களில் இடக்கையைத் தனியாக வாழவைக்க ஆகும் பாடு எனக்குத்தான் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் வலக்கையால் மெட்டு வாசிப்பார்கள். வீட்டில் இருக்கும் எலெக்ட்ரானிக் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளமும் பாஸும் தானே ஓடும். இடக்கை மடியில் தூங்கும். அப்படிப்பட்டவர்களுக்கு நான் போட்டுக் காட்டும் முதல் பாட்டு 'ஐ ஃபீல் தி எர்த் மூவ்'. 'டேப்பஸ்ட்ரி' ஆல்பம் அதில்தான் தொடங்குகிறது. முன்னுரை கிடையாது, பியானோவின் கீழ்க் கட்டைகளில் இரண்டு கையும் இறங்கி அடிக்கின்றன. நடுவில் பியானோவும் மின் கிதாரும் ஒன்றையொன்று விரட்டும் ஓர் இடம் வரும். அங்கேயும் இடக்கையைக் கவனியுங்கள். பால் வெட்டுகிறவர் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும் நடை அது: ஓட்டமும் இல்லை, ஓய்வும் இல்லை, நின்ற இடத்தில் வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்த அடி. பாடிக்கொண்டே வாசிக்கிறவருக்கு அந்த நடை இல்லாவிட்டால் குரல் எங்கே காலை ஊன்றும்?

இந்த ஆல்பம் எனக்குக் கிடைத்தது அத்தையால். என் அப்பாவின் தங்கை. அப்பா தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். அதனால் அத்தைக்கு ஆங்கிலப் பள்ளி கிடைத்தது. 1970-களின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்திலிருந்து எத்தனையோ பெண்கள் தாதிப் பயிற்சிக்கு இங்கிலாந்துக்குப் போனார்கள். அங்கே மருத்துவமனைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது, இங்கே பெண்களுக்குச் சம்பளத்தோடு ஒரு படிப்பு வேண்டியிருந்தது. அத்தையும் போனார். பயிற்சி முடித்துத் திரும்பியபோது பெட்டியில் இரண்டு குளிர்காலச் சட்டைகள், ஒரு தாதியர் சான்றிதழ், ஒரு சிறிய ரெக்கார்டு பிளேயர், சில இசைத்தட்டுகள். குளிர்காலச் சட்டைகளை எலி தின்றுவிட்டது. மற்றவை இருக்கின்றன.

அரசு மருத்துவமனையில் வேலை கிடைத்ததும் அத்தை ஊருக்குள் கடைவீட்டு மாடியில் வாடகைக்கு வந்துவிட்டார். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு மோட்டார் நின்றுவிடும். விளக்கு, வானொலி எல்லாம் அதோடு சரி. அத்தை வீட்டில் மின்சாரம் நிற்காது. அதனாலேயே பள்ளி விடுமுறைகளில் அங்கே போய்த் தங்குவேன். ஞாயிற்றுக்கிழமை காலை, இரவு வேலை முடித்து வந்த அத்தை தலைக்குக் குளித்துவிட்டு, தட்டைப் பாவாடைத் துணியால் துடைத்து வைப்பார். கீழே சீனத் தவுக்கே கடையைத் திறக்கும் இரும்புக் கதவுச் சத்தமும் 'இட்ஸ் டூ லேட்' பாட்டும் எனக்கு இன்றுவரை சேர்ந்தேதான் கேட்கின்றன.

அட்டைப்படத்தைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். சன்னலோரம் வெறுங்காலோடு, ஜீன்ஸ் போட்டு, சுருட்டை முடியை வாராமல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பாதி முடிந்த தையல் வேலை. முன்னால் ஒரு பூனை. லாஸ் ஏஞ்சல்ஸில் லாரல் கேன்யன் பகுதியில் அவர் குடியிருந்த வீட்டிலேயே ஜிம் மெக்ரேரி எடுத்த படம். பூனையின் பெயர் டெலிமேக்கஸ். அதெல்லாம் வெகு காலம் கழித்துத் தெரிந்தது. அப்போது எனக்கு வியப்பாக இருந்தது வேறு. தமிழ்ப் பட இசைத்தட்டு அட்டைகளில் பாடகி இருக்கவே மாட்டார், நடிகைதான் இருப்பார். இங்கே பாடுகிறவள் தலைகூட வாராமல் உட்கார்ந்திருக்கிறாள். என் அம்மா அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "படம் எடுக்க வருகிறார்கள் என்று சொல்லியிருந்தால் ஒரு நல்ல துணி உடுத்தியிருக்க மாட்டாளா, பாவம்" என்றார்.

அத்தைக்கு உயிர் 'சோ ஃபார் அவே'. யாரும் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லையே என்ற ஆதங்கத்தில் தொடங்கும் பாட்டு. பாடகர் ஜேம்ஸ் டெய்லரின் கிதார் கூடவே வரும். முடிவில் கர்ட்டிஸ் ஏமியின் புல்லாங்குழல் பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடும். வீட்டை விட்டுத் தூரத்தில் இருக்கிறவர்களுக்கான பாட்டு என்பதால், இங்கிலாந்தில் அத்தைக்கு ஊர் நினைப்பு வந்திருக்கும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். ஒருநாள் அவரே சொன்னார், அவர் நினைத்துக்கொண்டது தன் தோழியை. 1969 கலவரத்தை ஒட்டிய அந்த ஆண்டுகளில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். அத்தையோடு ஒரே பெஞ்சில் படித்த பெண்ணின் குடும்பமும் அதில் ஒன்று. பினாங்குத் துறைமுகம், ரஜுலா கப்பல், நாகப்பட்டினம். இந்தியாவைப் பார்த்தே இராத ஒருத்தி 'ஊருக்கு' போனாள். கடிதம் சில வருஷம் வந்தது, பிறகு வரவில்லை. நான் இங்கிலாந்து போனேன், அவள் இந்தியா போனாள், பள்ளிக்கூடத்துப் பெஞ்சு மட்டும் சுங்கை சிப்புட்டில் இருந்தது என்று அத்தை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேரோல் கிங் மனத்தில் அந்தக் கப்பல் இருந்திருக்க முடியாதுதான். அதனால் என்ன?

இசைக்காரியாக எனக்குப் பொறாமை உண்டாக்குவது இந்த ஆல்பம் பதிவான விதம். ஹாலிவுட்டில் ஏ அண்ட் எம் ஸ்டூடியோ, 1971 ஜனவரி. சுமார் மூன்று வாரத்தில் வேலை முடிந்துவிட்டது. தயாரிப்பாளர் லூ ஆட்லர், ஒலிப்பதிவாளர் ஹேங்க் சிகாலோ. அதே கட்டடத்தில் அதே நாட்களில் ஜோனி மிட்செல் தன் 'புளூ' ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார். கார்ப்பென்டர்ஸ் குழு இன்னோர் அறையில். ஜோனி மிட்செல் இருந்த அறையில் சிவப்பு நிற ஸ்டைன்வே பியானோ ஒன்று இருந்தது. கேரோல் கிங்குக்கு அதன்மேல் ஆசை. அந்த அறை காலியாகும் நேரம் பார்த்துப் போய் வாசிப்பார். ஒரு பியானோவுக்காக வாசலில் காத்திருக்கும் அவரை நினைத்தால் எனக்கு அவர்மேல் பிரியம் கூடிவிடுகிறது. 'வில் யூ லவ் மீ டுமாரோ' பாட்டுக்கு ஜோனி மிட்செலும் ஜேம்ஸ் டெய்லரும் வந்து பின்னால் நின்று பாடினார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் ஷிரெல்ஸ் பாடியபோது அது துள்ளலான பாட்டு. இதில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார். நாளைக்கும் என்னை நேசிப்பாயா என்ற அந்தப் பாட்டின் கேள்வியை 18 வயதுப் பெண் கேட்பதும் 28 வயதில், விவாகரத்தான பிறகு, இரண்டு மகள்களை வைத்துக்கொண்டு கேட்பதும் ஒன்றாகுமா? ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. வேகத்தை மாற்றினார், போதும்.

லூ ஆட்லர் பல ஆண்டுகளாகக் கேரோல் கிங்கின் மாதிரிப் பதிவுகளைக் கேட்டவர். பாடகர்களுக்குப் பாட்டைக் காட்டுவதற்காக, பியானோவில் தானே வாசித்துத் தானே பாடி அனுப்பும் பதிவுகள் அவை. அந்த நெருக்கம் ஆல்பத்தில் அப்படியே இருக்க வேண்டும், கேட்கிறவருக்கு இந்தப் பெண் பக்கத்தில் பியானோ முன் உட்கார்ந்து பாடுவதாகவே தோன்ற வேண்டும் என்பது அவர் விருப்பம். அக்கா மகன் குறை என்று நினைத்தது தெரிந்தே செய்தது. பாட்டைக் காட்டுவதற்காகப் பாடுகிறவர் தன்னைக் காட்டிக்கொள்ளமாட்டார். கேரோல் கிங் தன் சொந்த ஆல்பத்திலும் பாட்டைத்தான் காட்டுகிறார்.

'இட்ஸ் டூ லேட்' பாட்டை மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். வரிகள் டோனி ஸ்டெர்ன் எழுதியவை. பிரிவைப் பற்றிய பாட்டு, ஆனால் யாரும் யாரையும் சபிக்கவில்லை. தீர்ந்துவிட்டது, நடிக்க வேண்டாம் என்கிறாள், அவ்வளவுதான். ஏ மைனர் செவனுக்கும் டி-க்கும் நடுவில் பாட்டு மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். பல்லவி வந்ததும் எதிர்பாராமல் பி ஃபிளாட் மேஜர் செவனில் போய் இறங்கி, அங்கிருந்து எஃப் மேஜர் செவனுக்கு வரும். பிரிந்துவிட்டோம் என்று சொல்லும் அதே இடத்தில் சுருதி விரிந்து மென்மையாகிவிடுகிறது. சோகப் பாட்டு என்றால் மைனரிலேயே அழுத்திக்கொண்டு இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். இந்த இடத்தை வாசிக்க வைத்து, "இப்போது அவளுக்கு வருத்தமா, நிம்மதியா?" என்று கேட்பேன். ஒரு பெண் மட்டும், பன்னிரண்டு வயது இருக்கும், "நிம்மதியாக இருப்பதுதான் வருத்தம், டீச்சர்" என்றாள். அவளிடம் அந்த மாதக் கட்டணம் வாங்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வாங்கினேன்.

இந்தப் பாட்டும் 'ஐ ஃபீல் தி எர்த் மூவ்' பாட்டும் ஒரே சிறுதட்டின் இரு பக்கங்களாக வந்து ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தன. ஆல்பமோ தொடர்ந்து 15 வாரம் முதலிடம். 1972 கிராமி விழாவில் சிறந்த ஆல்பம், சிறந்த பதிவு, சிறந்த பாட்டு, சிறந்த பாப் பாடகி என்று நான்கு விருதுகள். சிறந்த பாட்டுக்கான விருதை ஒரு பெண் தனியாக வாங்கியது அதுவே முதல் முறை. விழாவுக்கு அவர் போகவில்லை. கைக்குழந்தையோடு வீட்டில் இருந்துவிட்டார். எங்கள் ஊர்ப் பெண்கள் யாரிடம் இதைச் சொன்னாலும், "பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள், பின்னே?" என்றுதான் சொல்கிறார்கள். ஒருவருக்கும் இது வியப்பாகவே இல்லை.

முதல் பக்கம் 'வே ஓவர் யோண்டர்' பாட்டில் முடிகிறது. இதில்தான் அவருடைய பாப் இசை கறுப்பினத் தேவாலயங்களின் வாசலில் போய் நிற்கிறது. மெர்ரி கிளேட்டன் பின்னால் பாடுகிறார். சாக்ஸபோன் அவருடைய கணவர் கர்ட்டிஸ் ஏமி. மெதுவாக, அசைந்து அசைந்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும் பாட்டு. எங்கள் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயப் பாடற்குழுவுக்கு நான்தான் வாசிக்கிறேன். பாமாலைகளுக்கு இடையில், காணிக்கை எடுக்கும் நேரத்தில், இதன் மெட்டைச் சொல் இல்லாமல் வாசித்துவிடுவேன். எங்கள் போதகர் ஐயருக்கு அது எந்தப் பாட்டு என்று தெரியாது. "நல்ல ஞானப்பாட்டம்மா, யார் எழுதியது?" என்று ஒருமுறை கேட்டார். புரூக்ளினில் ஒரு யூதப் பெண்மணி என்றேன். தாவீது ராஜாவும் அந்தப் பக்கத்துக்காரர்தானே என்று சொல்லிவிட்டுப் போனார்.

குறையே இல்லாத ஆல்பம் என்று நான் சொல்லவில்லை. 'ஸ்மேக்வாட்டர் ஜாக்' எனக்குப் பிடிக்காது. துப்பாக்கிக்காரன் கதை சொல்லும் துள்ளல் பாட்டு. மற்றப் பாட்டுகள் எல்லாம் வீட்டுக்குள் நடக்கும்போது இது மட்டும் சந்தையில் போய் நிற்கிறது. தலைப்புப் பாட்டான 'டேப்பஸ்ட்ரி' கொஞ்சம் அதிகமாகக் கவிதை பேசுகிறது. 'யூ'வ் காட் எ ஃபிரெண்ட்' மீது எனக்குக் குறையில்லை, களைப்புதான் இருக்கிறது. பள்ளிப் பிரியாவிடை விழா என்றால் அது, தலைமையாசிரியர் ஓய்வு பெற்றால் அது, கல்யாண விருந்தில் மணப்பெண்ணின் தோழிகள் மேடையேறினால் அது. பெரும்பாலும் ஜேம்ஸ் டெய்லர் பாடிய வடிவத்தைத்தான் கேட்டிருப்பார்கள். அதே 1971-இல் அவரும் அதைப் பாடி முதலிடத்துக்குக் கொண்டுபோனார். கேரோல் கிங்கின் பதிவு நான்கு ஃபிளாட் உள்ள சுருதியில் இருக்கிறது. கறுப்புக் கட்டைகளைக் கண்டு பிள்ளைகள் மிரளுவார்கள். சுலபமான சுருதிக்கு மாற்றித் தரும்படி கேட்பார்கள், நான் தரமாட்டேன். சரணம் மைனரில் தயங்கித் தயங்கி வந்து, கூப்பிடு, வருகிறேன் என்று சொல்லும் இடத்தில் மேஜராகத் திறப்பதைக் கைவிரல்கள் அந்தக் கறுப்புக் கட்டைகளின் மேட்டில் ஏறி இறங்கித்தான் உணர வேண்டும்.

2015-இல் கென்னடி மையத்தில் கேரோல் கிங்குக்கு மரியாதை செய்த விழாக் காணொளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அரீதா ஃபிராங்க்ளின் நீண்ட உரோம அங்கியோடு வந்து பியானோ முன் உட்கார்ந்து 'நேச்சுரல் வுமன்' தொடங்குவார். மாடத்தில் கேரோல் கிங் நம்ப முடியாமல் தலையில் கை வைத்துக்கொள்வார். ஒபாமா கண்ணைத் துடைப்பார். எல்லோரும் அரீதா எழுந்து நின்று அங்கியை நழுவவிடும் இடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் மாணவிகளுக்குக் காட்டுவது அதற்கு முந்திய பகுதியை. அந்த வயதில் அந்த இடக்கை!

அத்தைக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், வாய் அப்படியே இருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துவைக்க வந்தவர்கள் நிறையப் பேர். இங்கிலாந்தில் படித்த தாதியின் சம்பளத்துக்கு எங்கள் சுற்றுவட்டாரத்தில் நல்ல கிராக்கி இருந்தது. தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னதாக ஒரு கதை வீட்டில் உண்டு. இரண்டாம் பக்கத்தில் இரண்டாவது பாட்டு 'வேர் யூ லீட்': நீ எங்கே கூட்டிப் போனாலும் பின்னாலேயே வருவேன் என்று ஒரு பெண் பாடுவது. அது தொடங்கப் போகும் நேரம் பார்த்து அத்தை அடுக்களையிலிருந்து வந்து ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டில் வைப்பார். கையில் மாவு இருந்தாலும் வருவார். "எவன் பின்னாலும் போகிற பாட்டு நம் வீட்டில் வேண்டாம், பாப்பா." அப்படி ஒரு பாட்டு இருப்பதே வெகு நாள் எனக்குத் தெரியாது.

கேரோல் கிங்கும் அந்தப் பாட்டை மேடையில் பாடுவதைப் பிற்காலத்தில் நிறுத்திவிட்டாராம். ஆணின் பின்னால் போகும் அந்தக் கருத்து அவருக்கே ஒத்துவரவில்லை. 2000-இல் 'கில்மோர் கேர்ள்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்காக அதைத் தாயும் மகளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பாட்டாக்கி, தன் மகள் லூயிஸ் காஃபினோடு சேர்ந்து பாடினார். போன மாதம் அதைக் கைப்பேசியில் அத்தையின் காதருகே வைத்துப் போட்டுக் காட்டிக் கதையையும் சொன்னேன். முழுவதும் கேட்டார். "முப்பது வருஷம் ஆயிற்றா இவளுக்கு?" என்றார்.

பிறகு தட்டை எடுத்து வரச் சொன்னார். பழைய தட்டுதானே, எல்லாப் பாட்டிலும் கரகரப்பு. 'சோ ஃபார் அவே' எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிறபடி ஓடுகிறது. 'வேர் யூ லீட்' மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியதாகக் கேட்கிறது, ஒரு கீறல் இல்லை. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஒரு பாட்டை மட்டும் வெட்டி விற்க முடிந்தால் ஈப்போவில் நல்ல விலை போகும் என்கிறார்.